நோயாளிக்கு முன்னே போய்ச் சேரும் செய்தி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மருத்துவத் துறையிற் பணிபுரியும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவதா என்று நாங்களும் யோசித்தோம். ஆனால் இங்கிருக்கும் பலரின் பெற்றோர் முதுமையில் இருக்கிறார்கள்; எங்களுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் போகிறது. ஆகவே பாரிசவாதச் சிகிச்சையைக் கணினி எவ்வாறு விரைவாக்குகிறது என்று சில நிமிடங்கள் கதைக்க விரும்புகிறோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் ஒருநாட் காலை ஏழு மணிக்குத் தேநீர்க் கோப்பையைக் கைநழுவ விட்டார். களைப்பு என்று நினைத்துப் படுக்க வைத்தார்கள். வாய் கோணிய பின்புதான் வாகனம் தேடினார்கள். வைத்தியசாலையை அடையும்போது மதியம் கடந்துவிட்டது. என்ன குளிசைகள் பாவிக்கிறார் என்று வைத்தியர் கேட்டார். கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்தது. அம்மா உயிர் தப்பினார். ஆனால் மகளின் பெயரைச் சொல்லப் பேச்சு வரவில்லை.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிகின்றன என்று கணித்திருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. அது மூன்று மணித்தியாலத்துக்குள் பயன் தரும் என 1995 இலும், நாலரை மணித்தியாலம் வரை பயன் தரும் என 2008 இலும் ஆய்வுகள் காட்டின. ஆனால் மூளையில் குருதி கசிந்திருந்தால் அதே மருந்து ஆபத்தாகிவிடும். ஆகவே முதலில் சீ.ரி. ஸ்கான் எடுக்க வேண்டும். குருதியை இளக்கும் குளிசை எடுப்பவரா என்றும் அறிய வேண்டும். இவற்றிலேதான் நேரம் போகிறது.

பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மத்திய வைத்தியசாலையில் 1998 இல், நோயாளி வாசலுக்கு வந்து ஊசி ஏற்றும்வரை நடுத்தரமாக 105 நிமிடங்கள் சென்றன. 2011 இல் அது 20 நிமிடங்களாகக் குறைந்தது. மருந்து மாறவில்லை, வேலைகளின் ஒழுங்கு மாறியது. அம்புலன்ஸ் புறப்படும்போதே வைத்தியருக்குத் தகவல் போகும். நோயாளி வழியில் இருக்கையிலேயே அவருடைய பழைய நோய் விபரங்களைக் கணினியில் வாசித்துவிடுவார்கள். ஸ்கானுக்கும் குருதிப் பரிசோதனைக்கும் கணினியிலேயே உத்தரவு பதிந்துவிடுவார்கள். வந்தவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோகாமல் நேரே ஸ்கான் மேசைக்குக் கொண்டுபோய், அங்கேயே ஊசி ஏற்றுவார்கள்.

இதே முறையை 2012 இல் மெல்பேர்ண் நகரின் றோயல் மெல்பேர்ண் வைத்தியசாலை பின்பற்றியது. வார நாட்களின் வேலைநேரத்தில் 43 நிமிடங்களாக இருந்தது, சில மாதங்களிலேயே 25 ஆகக் குறைந்தது. ஏனைய நேரங்களில் பெரிய மாற்றம் வரவில்லை. கணினி இரவும் பகலும் இருக்கும்; அதைப் பார்த்து உடனே எழும்பி ஓடும் ஆட்களும் இருக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் எல்லா வைத்தியசாலைகளிலும் அத்தகைய கணினி வசதி இல்லை. ஆனால் நோயாளிக்கு முன்னே செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நாங்கள் இன்றே எங்கள் வீடுகளில் நடைமுறைப்படுத்தலாம்.

முதலாவது, முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேய்த்துக்கொண்டும் படுக்க வைத்துக்கொண்டும் இராதீர்கள். 2016 இல் ஆரம்பித்த சுவசெரிய அம்புலன்ஸ் இன்று எல்லா மாகாணங்களிலும் இலவசம். 1990 ஐ அழையுங்கள்.

இரண்டாவது, கடைசியாக எத்தனை மணிக்கு நலமாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். அந்த நேரத்திலிருந்தே வைத்தியர் கணக்கிடுவார். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் மகளே, அதை அறிந்தவர் சிலவேளை நீங்களாக இருக்கலாம். நேற்றிரவு அம்மா தொலைபேசியில் தெளிவாகக் கதைத்தார் என்ற உங்கள் ஒரு வார்த்தை வைத்தியருக்கு உதவும். தொலைபேசியை அணைத்து வைக்காதீர்கள்.

மூன்றாவது, பெற்றோரின் கிளினிக் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் படம் எடுத்து, உங்கள் கைத்தொலைபேசியிலும் அயலவர் ஒருவருடைய கைத்தொலைபேசியிலும் வைத்திருங்கள். குளிசை மாறினால் படத்தையும் மாற்றுங்கள்.

எங்கள் தோழியின் அம்மாவுக்கு அன்று கிடைக்காது போன நேரம் இன்னொரு அம்மாவுக்காவது கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இந்தப் பேச்சுக்கு அவரும் சம்மதம் தந்தார், தலையசைத்துத்தான் தந்தார். இன்று வீடு திரும்பியதும் அந்தக் கொப்பியைத் தேடி எடுங்கள்.