பனியில் வழுக்கி விழுந்தால்



2018 பெப்ரவரியில் பாரிசில் பனி கொட்டியபோது பேருந்துகளும் நின்றுவிட்டன. மாநகரசபை முதலில் உப்புத் தூவுவது பெரிய வீதிகளுக்குத்தான். லாசப்பலின் சின்னத் தெருக்கள் காத்திருக்க வேண்டியதுதான். உணவக வேலைக்கு விடியமுன் இறங்கும் எங்கள் பிள்ளைகள் அந்த உறைபனியில்தான் நடக்கிறார்கள்.

விழுந்தால், 'என்ரை விதி' என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். வேலைக்குப் போய்வரும் வழக்கமான வழியில் நேர்வது 'அக்சிடோன் து திராஜே'. பிரெஞ்சுச் சட்டம் அதற்கும் காப்புறுதி தருகிறது. அன்றே வைத்தியரிடம் சான்றிதழ் எடுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் முதலாளிக்கு அறிவியுங்கள். கண்டவரின் பெயரையும் குறித்து வையுங்கள். முதலாளி 48 மணித்தியாலத்துக்குள் 'செக்குரித்தே சோசியாலு'க்கு அறிவிக்க வேண்டும். அவர் தவறினால், இரண்டு வருடத்துக்குள் நீங்களே அறிவிக்கலாம்.

பிடிப்புள்ள சப்பாத்துப் போட்டு, ஆறுதலாக நடவுங்கள்.