நகலெடுக்க எத்தனை நாள் ஆகும்?



நிறுவனங்களுக்கான செயற்கை நுண்ணறிவுத் தளமொன்றை இன்னொருவர் எவ்வளவு எளிதில் நகலெடுக்கலாம் என்பதே இன்றைய ஆய்வரங்கின் பொருள். அழைப்பிதழைப் பார்த்த நண்பரொருவர், “கொழும்பில் பேசவேண்டியதை மருதமுனையில் ஏன் பேசுறீங்க?” என்று கேட்டார். நகல் என்றால் என்னவென்று பட்டறிந்த நெசவாளர் ஊர் இது என்றேன்.

என் வாப்பா நெய்த சாரனொன்றை வெளியூர் வியாபாரி ஒருவர் மாதிரிக்கென்று வாங்கிப்போனார். அடுத்த பெருநாளைக்கு அதே கோடு, அதே நிறம், விசைத்தறியில் ஓடிய துணி சந்தைக்கு வந்துவிட்டது. வாப்பா அதில் ஒன்றை வாங்கிவந்து முற்றத்து வெயிலில் விரித்தார். நகத்தால் தள்ளினால் ஊடை விலகியது. “ரெண்டு தரம் கழுவினாத் தெரியும்” என்றார். கழுவிப் பார்த்துவிட்டா கடையில் சாரன் வாங்குகிறார்கள்? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதித் துணி குவிந்தபோது நாட்டின் கைத்தறிக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மென்பொருளுக்கு வருகிறேன். 2003இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான பலன்டியர், 2023இல் ஏஐபி என்ற தளத்தை வெளியிட்டது. அதற்குள் இயங்கும் பெரிய மொழி மாதிரிகள் பிற நிறுவனங்களுடையவை. காசு கட்டினால் நமக்கும் கிடைக்கும். திரையையும் பொத்தானையும் கெட்டிக்கார இளைஞர்கள் சிலர் விரைவாகவே செய்துவிடுவார்கள். நிரல் எழுதவும் இப்போது இயந்திரம் கைகொடுக்கிறது. மிஞ்சுவது அவர்கள் ‘ஆன்டாலஜி’ என்று அழைக்கும் அடுக்கு. அட்டவணைகளில் சிதறிக் கிடக்கும் தரவை லொறி, நோயாளி, கொள்வனவுக் கட்டளை என்று ஆளறியும் பொருள்களாகக் கட்டி, யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்பதையும் அதோடு முடிந்துவைக்கிறார்கள். அதற்காகவே அவர்களுடைய பொறியியலாளர்கள் வாடிக்கையாளரின் இடத்தில் போய்க் குந்தியிருந்து வேலை செய்கிறார்கள்.

இது ஏன் கடினம்? ஒரு காலத்தில் நான் ஓர் அலுவலகத்தின் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருந்தேன். பதிவேட்டின் ஒரு கட்டத்தில் நிரப்பும் எண்களில் 1 முதல் 6 வரைக்குத்தான் விளக்கம் இருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் 9 என்று எழுதியிருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்தோம். ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த இலிகிதர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அது சுனாமியில பத்திரம் போன ஆக்கள், தம்பி” என்றார். அந்த 9 எந்த நிரலிலும் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் போயிருந்தால் எங்களுக்கும் கிடைத்திருக்காது.

நிரலை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனம் தன் மென்பொருளை அப்பாச்சி உரிமத்தில் திறந்த மூலமாகவே வெளியிட்டது. எவரும் இறக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். நகலெடுக்கும் செலவு சைபர். ஆனாலும் 2024இல் சுவீடனின் முதலீட்டு நிறுவனமான இகியூடி, டபிள்யூஎஸ்ஓ2ஐ 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்குவதாகச் செய்தி வந்தது. சும்மா கிடைக்கும் நிரலுக்காக யாரும் அவ்வளவு பணம் கொடுப்பதில்லை.

சட்ட வேலி பற்றி ஒரு வார்த்தை. நமது 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் ஜாவா நிரல்மொழியின் இடைமுகத்திலிருந்து சுமார் 11,500 வரிகளைக் கூகுள் எடுத்தது நியாயமான பயன்பாடே என்று 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலியை நம்பி மட்டும் பயிர் வைக்காதீர்கள்.

ஆய்வாளர்களோடு எனக்கொரு வழக்கு உண்டு. நகல் மூலத்துக்கு ஈடாகுமா என்றே எல்லோரும் அளக்கிறார்கள். விசைத்தறிச் சாரன் எந்த நாளும் வாப்பாவின் சாரனுக்கு ஈடாகவில்லை, ஈடாகாமலேயே விற்றது. முக்கால்வாசி வேலை செய்யும் தளம் கால்வாசி விலைக்குக் கிடைத்தால் எத்தனை நிறுவனங்கள் மற்றக் கால்வாசியைக் கழுவிப் பார்க்கும்? இன்னொன்று: வெளியேற முடியாதபடி தரவு மாட்டிக்கொண்டதால் வாடிக்கையாளர் தங்கியிருப்பதையும் ‘நகலெடுக்க முடியாத சிறப்பு’ என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அது தறியின் நுட்பமா, கடனுக்கு நூல் வாங்கிய நெசவாளி அதே முதலாளிக்கே நெய்யவேண்டிய நிலையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கட்டுரை படிக்கப்போகிறவர்கள் ஒரு வரியை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தளத்தை வாங்கக் கையெழுத்திடுபவர் யார், அதைத் தினமும் பாவிப்பவர் யார்? இருவரும் ஒருவரேதானா? முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.