ஊர் மாறுவோரும் உப்பளமும்

பணி நிமித்தம் புதுச்சேரிக்குக் குடிபெயர்வோர், வாடகையை மட்டும் கணக்கிட்டுக் குடியிருப்பைத் தேர்வதைவிட, அப்பகுதியின் பெயரும் நிலமும் உணர்த்தும் செய்தியையும் கருதுவது பயனுடையது. உப்பளம் என்பது கடல்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து உப்பு விளைவிக்கும் தாழ்நிலத்தைக் குறிக்கும் சொல். நகரின் தென்பகுதியிலுள்ள உப்பளம் அப்பெயரைத் தாங்குவதோடு, கடலுக்கும் உப்பனாற்று வாய்க்காலுக்கும் அருகில் அமைந்துள்ளது. ரயில் நிலையமும் இந்திரா காந்தி விளையாட்டரங்கும் அண்மையில் இருப்பதால், நகர்மையத்தில் பணிபுரிவோருக்கு அது வசதியான இடமாகும். ஆயினும், கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ, வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ நாள்தோறும் செல்வோர் நகரைக் கடந்தே போக வேண்டியிருக்கும்.

பயண வசதியோடு, தாழ்நிலத்தில் மழைவெள்ளத்தையும் கருத வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்து, பல குடியிருப்புகளை வெள்ளம் சூழ்ந்தது. ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன், மழைநீர் எவ்வழியே வடிகிறது, தெருமட்டத்தைவிட வீட்டின் தரை எவ்வளவு உயர்ந்துள்ளது, நிலத்தடிநீர் உவர்க்கிறதா என்பவற்றை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது இன்னும் சிறந்தது.