மின்சாரக் காயமும் தெய்வக் குற்றமும்

(தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சாமி உண்டா இல்லையா என்ற தர்க்கத்தை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்துவிட்டு, இன்று நாம் ரத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மின்சாரம் தாக்கியும் சாகாமல் பிழைத்துக்கொண்ட ஒருவன், ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து, எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, "வீட்டுக்கு எப்போது போகலாம்?" என்று கேட்கிற சமயத்தில், திடீரென்று கையிலுள்ள புண்ணிலிருந்து ரத்தம் பீறிட்டுக் கண்மூடித் திறப்பதற்குள் செத்துப்போவதுண்டு. அது ஏன் என்பதுதான் இன்றைய விஷயம்.

2022-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 27-ந் தேதி விடியற்காலை சுமார் 3 மணிக்கு, இந்தத் தஞ்சாவூருக்குப் பக்கத்திலே களிமேட்டில், அப்பர் சதய விழாவுக்காக இழுத்துவந்த தேர், தெருத் திருப்பத்தில் திரும்பும்போது உயர் அழுத்த மின்சாரக் கம்பியில் பட்டு, சிறு பிள்ளைகள் உள்பட 11 பேர் மாண்டுபோனது உங்களுக்கெல்லாம் தெரியும். காயம்பட்டவர்கள் தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். செத்தவர்களைப் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. பெற்ற வயிறு எரிகிற இடத்தில் பரிகாசம் செய்கிறவன் மனுஷனே அல்ல. ரோடு உயர்ந்துவிட்டது, கம்பி உயரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. தேர் திரும்பிய இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் சுமார் 50 பேர் விலகி நின்றார்கள், அதனால் தப்பினார்கள் என்றும் எழுதின. அன்றைக்கு அவ்வளவு பேரைக் காப்பாற்றியது தெருவிலே தேங்கிய தண்ணீர்தான் என்பதைப் பக்தர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

தேரை மாத்திரம் குற்றம் சொன்னால் நாம் ஓரவஞ்சனைக்காரர்களாகிவிடுவோம். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் கட்சிக் கொடிக்கம்பம் நட்ட 13 வயதுப் பையன் மின்சாரம் தாக்கிச் செத்தான். முருங்கைக்காய் பறிக்கும் இரும்புத் துரட்டியும், எலிக்கென்று வயலைச் சுற்றித் திருட்டுத்தனமாக இழுக்கும் கரண்டுக் கம்பியும், 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் வயல்களில் அறுந்து விழுந்த லைன்களும் எல்லாம் ஒரே ஜாதிதான். மின்சாரத்துக்குப் பக்தனும் தெரியாது, நாஸ்திகனும் தெரியாது.

நெருப்புக் காயம் வேறு, மின்சாரக் காயம் வேறு. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பள்ளிப் பிள்ளைகளைக் கொன்ற நெருப்பு வெளியே இருந்து உள்ளே சுட்டது. மின்சாரமோ கையிலே நுழைந்து காலிலே வெளியேறும். நுழைந்த இடத்தில் கருகலாக ஒரு புளியங்கொட்டை அளவுக் காயமும், வெளியேறிய இடத்தில் ஒரு சிறு வெடிப்பும் இருக்கும். பார்க்கிறவர்கள் "இவ்வளவுதானே" என்பார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ளே சதையும் நரம்பும் ரத்தக்குழாயும் வெந்துபோயிருக்கும். வீட்டுக் கரண்டு 230 வோல்ட்டு. தெருவில் போகிற உயர் அழுத்த லைன் 11,000 வோல்ட்டு. 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்டதைத்தான் டாக்டர்கள் மிகவும் பயப்படவேண்டிய ரகம் என்கிறார்கள்.

இனி ரத்தக்குழாய்க்கு வருவோம். ரத்தமும் சதையும் நரம்பும் மின்சாரத்துக்கு ராஜபாட்டை. சிறிய குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கத்துச் சதை செத்து அழுகும். பெரிய குழாயில் ரத்தம் வேகமாக ஓடுவதால் அது அடைபடாமல் ஓடிக்கொண்டேயிருக்கும், நாடியும் துடிக்கும். ஆனால் குழாயின் சுவர், முக்கியமாக நடு அடுக்கு, வெந்து பலமற்றுப்போயிருக்கும்.

நம்மவர்களுக்கு இதைச் சொல்ல வாய்க்கால் கரை போதும். கரைக்குள்ளே நண்டு வளை வைத்திருக்கிறது. மேலே புல் முளைத்துக் கரை முழுசாகத்தான் தெரியும். மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து முட்டுகிற வரையில் ஒன்றும் தெரியாது; பிறகு ஒரு ராத்திரி கரை உடைத்துக்கொண்டு வயலெல்லாம் போய்விடும். அதுபோலவே வெந்துபோன குழாயைச் சுற்றியுள்ள செத்த சதை அழுகி, புண்ணில் கிருமி சேர்ந்து, பலமற்ற சுவரை அரித்துக்கொண்டே வர, ஒரு வாரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வாரத்துக்குள் என்றைக்காவது ஒரு நாள் அது உடைந்துவிடும். மணிக்கட்டிலோ, முழங்கை மடிப்பிலோ, அக்குளிலோ, கழுத்திலோ உடைந்தால் கேட்கவேண்டியதே இல்லை. வயது வந்த ஒருவன் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் 2 லிட்டர் போனால் உயிர் ஊசலாட்டந்தான்.

தோழர்களே! நம் ஜனங்கள் இதற்குச் சொல்லும் காரணம் என்ன? "முதலில் பிழைத்தானே, பிறகு ஏன் செத்தான்? நேர்த்திக்கடனைச் செலுத்தவில்லை, தெய்வக் குற்றம்" என்பார் ஒருவர். "பார்க்க வந்தவள் கண் பட்டுவிட்டது" என்பார் இன்னொருவர். அவனுக்குச் சமீபத்தில் கலியாணமாகியிருந்தால், வந்த பெண்ணின் ராசிமேல் பழியைப் போட்டு, அவள் தலையை ஆயுள் முழுதும் உருட்டுவார்கள். குழாய் வெந்ததற்குப் பெண்ணா ஜவாப்தாரி?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காயம் சிறிதாயிருக்கிறதென்று பத்தாம் நாளே ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு, கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, வீட்டுக்கு அழைத்துவந்து, மஞ்சளும் விபூதியும் அப்பி, ஏதோ ஒரு கோயில் வாசலில் கிடத்துகிறார்கள். குழாய் உடைய வேண்டிய வாரத்தில் ஆள் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கிறான்! ஆஸ்பத்திரியிலே என்ன செய்கிறார்களென்றால், செத்த சதையை அறுத்து அறுத்து எடுக்கிறார்கள். வெளியே தெரிகிற குழாயை நல்ல சதையால் மூடுகிறார்கள். கெட்டுப்போன குழாயைக் கட்டிவிடுகிறார்கள் அல்லது வேறு குழாய் எடுத்து ஒட்டுகிறார்கள். இறுக்கிக் கட்டும் பட்டையைக் கட்டிலிலேயே தயாராக வைக்கிறார்கள். "தினமும் வெட்டுகிறார்களே பாவிகள்" என்று நாம் திட்டுகிறோம். அந்த வெட்டுதான் கரையிலுள்ள நண்டு வளையை அடைக்கிற வேலை.

ரத்தம் கொடுக்கவும் ஆள் வேண்டும். அதிலும் நம்மவர்கள் பின்வாங்குகிறார்கள். சிலர் இன்னும் யாருடைய ரத்தம் என்று விசாரிக்கிறார்களாம்! 1901-ல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் என்பவர் மனித ரத்தத்தில் வகைகள் உண்டென்று காட்டினார். இன்று ஏ, பி, ஏபி, ஓ என்று பிரிக்கிறார்களே, அதில் அய்யர் வகை, பள்ளர் வகை என்று ஒன்றும் கிடையாது.

இப்போது வந்திருக்கும் சீட்டுகளுக்குப் பதில் சொல்லுகிறோம்.

"கரண்டு அடித்தவனை மண்ணில் புதைத்தால் கரண்டு இறங்குமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். இறங்குவதற்கு உடம்பில் ஒன்றும் தங்கியிருக்கவில்லை. வடநாட்டில் இடி விழுந்தவர்களைச் சாணத்தில் புதைத்த செய்திகூடப் பத்திரிகைகளில் வந்ததுண்டு. வீட்டுக் கரண்டானால் முதலில் மெயினை அணையுங்கள். தெரு லைனானால் மின்வாரியத்தார் நிறுத்துகிற வரையில் கிட்டப் போகாதீர்கள், கம்புகூட உதவாது. பிறகு மூச்சில்லையானால் நெஞ்சை அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். சிறுநீர் கறுத்துப் போனால் வெந்த சதையின் கழிவு மூத்திரக்காயை அடைக்கிறதென்று அர்த்தம். அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

"ரத்தம் பீறிட்டால் என்ன செய்வது?" என்று இன்னொருவர். சுத்தமான துணியை வைத்து, அந்த இடத்தையே உள்ளங்கையால் பலங்கொண்டமட்டும் அழுத்துங்கள். கையை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கை காலில் அப்படியும் நிற்காவிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய மணியை எழுதிவையுங்கள். காப்பித்தூளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

மூன்றாவது சீட்டு ஒரு தாயார் எழுதியது: "ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு இருக்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?" நல்ல கேள்வி. கட்டு நனைகிறதா, புண்ணிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து நின்றதா என்று பாருங்கள். அந்தக் கொஞ்சக் கசிவுதான் பெரிய உடைப்புக்கு முன்னால் வருவது. உடனே நர்சம்மாவை எழுப்புங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தூக்கத்தில் ரத்தம் மெத்தைக்குள் இறங்கினால் யாருக்கும் தெரியாது. ஆகையால் காயம்பட்ட கையைப் போர்வைக்கு மேலேயே வைத்திருக்கச் சொல்லி, விளக்கை அணைக்காமல், முறைவைத்து விழித்திருங்கள்.