கத்தோலிக்கராய் நிலைத்திருத்தல் அறமாகுமா?

(சிதறாலில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது நாடார் குலத்தில் இந்துக்களும் உளர், அய்யாவழியினரும் உளர், சீர்திருத்த சபையினரும் கத்தோலிக்கரும் உளர். ஒரு குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் செல்வது இந்நாட்டிற் புதுமையன்று. ஆகலின் ஒரு சமயத்தைப்பற்றி இச்சங்கத்திற் பேசுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் எச்சமயம் மெய் என்பதன்று. குற்றங்கள் வெளிப்பட்ட ஒரு திருச்சபையில், அவற்றை அறிந்த பின்னும் ஒருவர் உறுப்பினராய் நிலைத்திருத்தல் அறமாகுமா என்பதே. இவ்வினாவை நம் இளைஞர் சிலர் எம்மிடம் எழுப்பினர். யாம் கத்தோலிக்கக் குடியிற் பிறந்து அதிலேயே நிற்பவர்; ஆதலால் விடையிறுக்கும் கடனும் எம்மதே.

முதற்கண் வினாவுவோர் பக்கத்து நியாயத்தைக் குறையாமற் கூறுவோம். அவர்கள் காட்டும் குற்றங்கள் இரண்டு: ஒன்று சாதி, மற்றொன்று மறைப்பு.

சாதியின் கொடுமையை அறிய நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. நமக்கு அணித்தாகிய நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்டபிள்ளை, டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் வாயிலாகக் கிறிஸ்து சமயத்தை அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்த்தப்பட்டோரோடு வேற்றுமையின்றிப் பழகினார். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1872-ல் எழுந்த கோவில் இரு கூடங்களாகப் பிரிந்து நின்றது. ஒரு கூடத்தில் வேளாளர் முதலியோர். மற்றொரு கூடத்தில் நம்மவரும் பிறரும். பீடம் ஒன்று, பூசை ஒன்று, இடையே சுவர். ஞானஸ்நானத் தண்ணீர் ஒன்றாயினும் நிற்கும் தரை வேறாயிற்று.

இது பழங்கதை என்று தள்ளுதற்கும் இடமில்லை. 2008 மார்ச்சு மாதத்தில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு வேண்டினமையால் கலகம் மூண்டது. காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே செபமாலையை உருட்டியவர்கள். திருச்சிராப்பள்ளியிலோ கல்லறைத் தோட்டத்தின் நடுவேயே சுவர் எழுப்பிச் செத்தவரையும் சாதியாற் பிரித்தனர். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், தீண்டாமை திருச்சபைக்குள் உண்டென ஒப்புக்கொண்டது.

இரண்டாவது குற்றம் மறைப்பு. 2002-ல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஒரு செய்தித்தாள், சிறுவரைக் கெடுத்த குருமாரை மேலதிகாரிகள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு மாற்றி மறைத்தமையை வெளிப்படுத்தியது. 2021-ல் பிரான்சு நாட்டில் தனிக்குழு ஒன்று ஆராய்ந்து, 1950 முதல் எழுபது ஆண்டுகளில் குருமார், துறவியரால் கெடுக்கப்பட்ட சிறுவர் ஏறத்தாழ 2,16,000 பேர் என மதிப்பிட்டது. 2018-ல் கொச்சியில் கன்னியர் ஐவர், தம் சகோதரி ஒருவர்க்கு நீதி வேண்டித் தெருவோரத்தில் அமர்ந்தனர். குற்றஞ்சாட்டப்பெற்ற ஆயரை 2022-ல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. அத்தீர்ப்பைப்பற்றி யாம் இங்கு ஒன்றும் கூறோம். திருச்சபைக்குள் தங்கள் முறையீடு கேட்கப்படவில்லை என்று அக்கன்னியர் கூறியதை மட்டும் நினைவிற் கொள்க.

இவற்றுக்கு எம்மவர் சொல்லும் சமாதானங்கள் சில. அவற்றையும் ஆராய்வோம்.

'எங்கே குற்றமில்லை?' என்பர் சிலர். அயலான் வீட்டில் திருடன் புகுந்தான் என்பது நம் வீட்டுத் திருட்டுக்கு விடையாகாது. 'பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் தந்தனரே' என்பர் வேறு சிலர். தந்தது உண்மை, நன்றி மறத்தலும் பாவம். ஆயினும் வாயடைப்பதனால் நன்றிக்கடன் தீராது. 'வீரமாமுனிவர் தேம்பாவணி தந்தார். சதுரகராதி தந்தார்' என்று தமிழ்மேல் வைத்துப் பேசுவாரும் உளர். தமிழாசிரியராகிய எமக்கு அப்பேச்சு இனிக்கவே செய்யும். ஆனால் அம்முனிவர் தமிழுக்குச் செய்த தொண்டு, பிறர் சிறுவர்க்குச் செய்த தீங்கை ஓர் அணுவும் குறைக்காது.

'குருமாரின் குற்றத்தைப் பேசினால் சமயத்துக்கு இழுக்கு' என்பது யாவற்றினும் பரவிய சமாதானம். வள்ளுவர் துறவறவியலைப் பகுத்த முறையை நோக்குக. தவம் என்னும் அதிகாரத்தை அடுத்து வைத்தது கூடாவொழுக்கம். தவத்தைப் போற்றிய புலவரே, தவவேடத்துள் மறைந்து தீமை செய்வாரை உடனடியாகக் கடிந்தார். கடிந்ததனால் தவத்துக்கு இழுக்கு வந்ததில்லை; கடியாது விட்டிருந்தால் வந்திருக்கும்.

ஆகவே இச்சமாதானங்கள் நில்லா. அங்ஙனமாயின் வெளியேறுதலே அறமோ எனின், அதையும் ஆராய்தல் வேண்டும்.

தீங்குக்கு உள்ளானவர் வெளியேறினால் அவரைக் குறைகூற ஒருவர்க்கும் உரிமையில்லை. 'பொறுத்திரு' என்று புண்பட்டவர்க்குச் சொல்லுதல், புண்படாதவர் செய்யத்தக்க காரியமன்று. யாம் கூறுவது நம்மைப் போன்று புண்படாமல் உள்ளே இருப்பவர்க்கே.

உறுப்பினராய் இருத்தல் ஒன்றே குற்றத்திற் பங்காகாது. அங்ஙனமாயின், கையூட்டு வாங்கும் அலுவலர் உள்ள நாட்டிற் குடிமகனாய் இருத்தலும் குற்றமாகிவிடும். குற்றத்திற் பங்கு வருவது மூன்று வழியால்: செய்தற்கு உதவுதல், அறிந்தும் வாளாவிருத்தல், அதனால் வரும் ஆதாயத்தை நுகர்தல். இம்மூன்றினின்றும் ஒருவர் உள்ளிருந்தே விலகக்கூடுமாயின், நிலைத்திருத்தல் அறத்தோடு பொருந்தும். கூடாதாயின் பொருந்தாது. எம் முடிபு இதுவே.

கூடுமென்பதற்குச் சான்று வடக்கன்குளமே. அச்சுவரை 1910-ல் இடித்தவர் வெளியார் அல்லர். அத்திருச்சபையின் குருவாகிய கௌசானல் அடிகளே. வேளாளர் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. கோவிலுக்குள் சாதியாற் பிரித்து நிற்கும் உரிமை அவர்க்கு இல்லையென்றே முடிந்தது. சுவருக்கு அப்புறம் நின்ற நம்மவர் அனைவரும் கோவிலை விட்டு நீங்கியிருந்தால், சுவருக்கே தேவையின்றிப் போயிருக்கும். ஆனால் 'இது அநீதி' என்று சொல்ல உள்ளே ஆளும் இருந்திரார். தேவசகாயத்தை 2022 மே 15-ல் உரோமையிற் புனிதராக உயர்த்தியபோது, சாதிப்பெயரை விலக்கி அவர் பெயரை வழங்கினர். அதற்கும் உள்ளேயிருந்து கடிதம் எழுதிக் கேட்டவர் இருந்தனர்.

இனி நிலைத்திருப்பவர் ஏற்கவேண்டிய கடமைகளைக் கூறுவோம்.

ஒன்று: சிறுவர்க்குத் தீங்கு நேர்ந்ததென அறிந்தால், முதலிற் செல்லவேண்டிய இடம் பங்குக் குருவின் இல்லமன்று, காவல் நிலையம். 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தும் அறிவியாமையையே குற்றமாக்கியுள்ளது. பள்ளியாசிரியர்க்கு அது நன்கு தெரியும், ஏனையோரும் தெரிந்துகொள்க.

இரண்டு: காணிக்கை இடுவோர் கணக்குக் கேட்க. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருத்தல் வேண்டும் என்கிறது. திருச்சபையின் நலம் குறித்த தம் கருத்தை ஆயர்க்கும் குருமார்க்கும் தெரிவித்தல் விசுவாசிகளின் உரிமை மட்டுமன்று, சில வேளைகளிற் கடமையுமாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. ஆகவே கேட்பவர் கலகக்காரர் ஆகார்.

மூன்று: கல்லறைத் தோட்டத்திலும், திருவிழாத் தேரிலும், பாடற்குழுவிலும், அன்பியக் கூட்டத்திலும் சாதி வேற்றுமை காணின், அங்கேயே மறுத்துரைக்க.

இக்கடமைகளைச் செய்ய முயன்று, வழி முற்றும் அடைபட்டு, உள்ளேயிருத்தலே தீமைக்குத் துணையாகுமாயின், அன்று வெளியேறுதலே அறம். அதனையும் ஒளியாமற் சொல்லிவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று திருச்சபையின் சாதியைக் கடிதல் எங்ஙனம் பொருந்தும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. கமுதிக் கோயிலில் 1897-ல் நுழைந்ததற்காக நம்மவர் மேல் வழக்கு நடந்தது. தென்திருவிதாங்கூரில் நம் பாட்டிமார் தோள்சீலைக்காக 1859 வரை போராடினர். வெளியே நிறுத்தப்பட்டவர் ஒன்றுகூடியதனாற் பிறந்தவை நம் சங்கங்கள். பிறரை வெளியே நிறுத்துதற்கு அவை பிறந்ததில்லை. இன்று நம்மவர் மிகுதியாயுள்ள ஊர்களில், நம்மினும் தாழ்த்தப்பட்டவர்க்குத் தேவாலயத்தில் எவ்விடம் தருகிறோம்? அவர் வீட்டுத் திருமணத்தில் உண்கிறோமா? அவர் பிணத்தை நம் பாட்டனார் கல்லறைக்கு அருகே அடக்க இசைகிறோமா? வடக்கன்குளத்துச் சுவரைப்பற்றிப் பேசும் உரிமை இவற்றுக்கு விடை சொல்லத்தக்கவர்க்கே உண்டு.

நம் சிதறால் மலையின்மேல் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் அழியாமல் இருக்கின்றன. அவ்வறத்தை ஒழுகிய சங்கத்தார் இன்று அங்கில்லை. கல் தானாக ஒரு சமயத்தைக் காப்பதில்லை; ஒழுகுவாரே காப்பர். கத்தோலிக்கராய் நிலைத்திருக்க விரும்பும் நம்மவர், வரும் ஞாயிறன்று தம் பங்கின் நிதிக்குழு யார், கணக்கு எங்கே என்று கேட்பதனின்று தொடங்குக.