தமிழ்ப் பக்கத்தின் எடை



இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நிகழ்ந்தது. பால்மரங்கள் போய்ச் செம்பனை பரவியது. லயங்கள் பலவும் காலியாயின. தோட்டப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் இன்று நான்கு திசைகளிலும் வாழ்கின்றனர். அவர்களை ஒன்றுசேர்க்க ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் தொகுத்து வலைப்பக்கமாக்கும் பணி ஆங்காங்கே நடைபெறுகிறது. அப்பக்கங்களைச் சுருக்கும் முறை குறித்தும், அச்சுருக்கத்தை உலாவிக்குள்ளேயே செய்துகொள்வது குறித்தும் இன்று பேச விழைகிறோம்.

எச்.டி.எம்.எல். நிரலை எழுதுவோர் தம் கண்ணுக்கு எளிதாக இருக்க வரிகளை உள்தள்ளுவர். வெற்று வரி விடுவர். நினைவுக்காகக் குறிப்புகளையும் எழுதி வைப்பர். உலாவிக்கு இவற்றில் பெரும்பாலானவை வேண்டுவதில்லை. பால் நிறுக்கும் இடத்தில் நீரைக் கழித்து உலர்ந்த இரப்பருக்கே கணக்கெழுதிய வழக்கம் இங்குள்ள மூத்தோர்க்கு நினைவிருக்கும். நிரல் சுருக்கமும் அவ்வகைக் கழித்தலே.

தமிழுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே பதினைந்து பைட். பழைய கருவிகள் சில, தமிழெழுத்தை நேராக எழுதாமல் எண்ணாக எழுதும். 'த' என்பதற்கு உம்மைக் குறி, எண் குறி, 2980, அரைப்புள்ளி என ஏழு பைட் ஆகும். அம்முறையில் அதே சொல் முப்பத்தைந்து பைட். முரசு அஞ்சல் 1985இல் தொடங்கிய மண் இது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் கூடிற்று. அன்று எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியேற்றம் இருந்த தொல்லையோடு ஒப்பிட்டால், மூன்று பைட் நாம் மனமுவந்து தரத்தக்க விலையே. எண்வடிவத்தை நேரெழுத்தாக மாற்றுவது மட்டுமே சில தமிழ்ப் பக்கங்களைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும்.

இனி, நம் பட்டறிவு ஒன்று. தோட்டப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர் பட்டியலைத் தொகுக்க நாம் சிலர் துணைநின்றோம். பெயரும் படித்த ஆண்டும் திரையில் தெரிந்தன. ஆனால் ஒரே பெயரில் பலர் இருந்தமையால், குழப்பம் வராதிருக்கத் தொகுத்தவர் ஒவ்வொருவரின் அடையாள அட்டை எண்ணையும் நிரலுக்குள் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். திரையில் தெரியாதது எவருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். மூலநிரலைத் திறந்து பார்ப்பவர் எவருக்கும் அது தெரியும். பன்னிரண்டு இலக்கங்களுள் முதல் ஆறு பிறந்த நாளைச் சொல்லும். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைச் சொல்லும். கடைசி இலக்கம் ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். பக்கம் கனமாக இருக்கிறதென்று அவர் அதனை எங்கோ ஒரு வழங்கியில் இயங்கும் சுருக்கும் சேவைக்கு முழுமையாக அனுப்பினார். திரும்பி வந்த பக்கத்தில் குறிப்புகள் இல்லை. ஆனால் போன பக்கத்தில் அத்தனையும் இருந்தன. அவரைக் குறை கூறோம். நம்முள் எவரும் அன்று அவருக்கு எச்சரிக்கை சொல்லவில்லை.

இப்பணிக்குப் பிறர் வழங்கி தேவையே இல்லை. உலாவி நம் கணினியிலுள்ள கோப்பை நேரே நினைவகத்திற்கு எடுக்க வல்லது. அங்கேயே அதனை ஒரு மரம்போல் பகுத்து அமைக்கும். குறிப்புகள் அதில் தனிக் கணுக்களாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அவற்றை நீக்கி, எஞ்சியதைப் புதுக் கோப்பாக எழுதித் தரும். கருவி உண்மையாகவே உள்ளிடத்தில் இயங்குகிறதா என அறிய, அதைத் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். வேலை முடிந்தால் பக்கத்தை மூடிவிட்டே இணைப்பை மீண்டும் தாருங்கள். மூடாவிட்டால், இணைப்பு வந்ததும் அனுப்பக்கூடிய நிரல் இருத்தல் கூடும். கருவியின் கோப்பையே விரலியில் சேமித்து, இணைப்பில்லாக் கணினியில் பயன்படுத்துவது இன்னும் நன்று.

சுருக்கத்தில் தமிழர் விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள் சில உள. பட்டியலில் ஒருவர் பெயர் ஒரு குறிச்சொல்லுக்குள்ளும் தந்தை பெயர் மற்றொன்றுக்குள்ளும் இருந்தால், இடையிலுள்ள ஒற்றை இடைவெளி பயனற்றதன்று. அதனையும் துடைத்தால் இருவர் பெயரும் ஒட்டி ஒரு பெயராகிவிடும். பல இடைவெளிகளை ஒன்றாக்கலாம், ஒன்றையும் இல்லாமலாக்கலாகாது. முதலெழுத்தும் பெயரும் வரி முடிவில் பிரியாதிருக்க இடும் பிரியா இடைவெளியையும் ஜாவாஸ்கிரிப்ட்டின் பொது இடைவெளிக் குறி விழுங்கிவிடும், எச்.டி.எம்.எல். விதியோ அதனைச் சாதாரண வெற்றிடமாகக் கருதுவதில்லை. ககர மெய்யும் ஷகரமும் கூட்டெழுத்தாகாமல் தனித்து நிற்க இடையில் ஒரு கண்காணா எழுத்து இடப்படும். அதை வெற்றிடமென்று களைந்தால் எழுத்தே மாறிவிடும்.

மிகைபடக் கூறவும் நாம் விரும்பவில்லை. வழங்கி ஜிஜிப் முறையில் அழுத்தி அனுப்புமானால் வெற்றிடங்களின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். சுருக்கத்தால் வரும் கூடுதல் ஆதாயம் சிறிதே. ஒரு பழைய குழுப்படத்தின் அளவைக் குறைத்தால் பத்துப் பக்கங்களைச் சுருக்கியதைவிட மிகுதியாக மிச்சமாகும். ஆயினும் அழுத்தம் குறிப்புகளை நீக்குவதில்லை; அவை விரிந்து மறுமுனையில் அப்படியே வெளிப்படும். ஆதலால் இவ்வவையிலுள்ள ஆசிரியர்கள், தத்தம் பள்ளிப் பக்கத்தின் மூலநிரலை இவ்வாரமே ஒருமுறை திறந்து, குறிப்புகளில் எவருடைய எண் நிற்கிறது என்று பார்க்க வேண்டுகிறோம். நிரல் பழக்கம் இல்லாதவர்க்கு உதவ, உரை முடிந்தபின் பின்வரிசை மேசையில் இரு மடிக்கணினிகளோடு இருப்போம்.