மடை அடைபடும் முன் இடுப்பை அளந்து பாருங்கள்

(பண்ணை ஒலிபரப்பில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்குப் பயிர் செய்கிறவரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முக்கியமாக, 45 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு.

ஒரு நாள் காலையில் 54 வயது விவசாயி ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அடிவயிறு உப்பி, வலியில் துடித்தார். முதல் நாள் இரவிலிருந்து ஒரு சொட்டுச் சிறுநீர் போகவில்லை. ரப்பர் குழாய் செலுத்தி எடுத்த பிறகுதான் மூச்சு விட்டார். "எத்தனை நாளாய் இந்தத் தொந்தரவு?" என்றேன். "ரெண்டு வருசமா ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறேன், டாக்டரய்யா. இதைப் போய் யாருகிட்டச் சொல்றது?" என்றார். வெட்கத்திலேயே இரண்டு வருஷம் போய்விட்டது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்பார்கள். வாலிபத்தில் அதன் எடை சுமார் 20 கிராம். 40 வயதுக்கு மேல் பலருக்கு அது மெல்லப் பெருக்கிறது. 60 வயதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பெருத்திருக்கும். பெருத்தால் நடுவிலுள்ள குழாயை நெருக்கும். வண்டல் தட்டிய மடையில் தண்ணீர் எப்படி வரும்? வேகம் இருக்காது, விட்டு விட்டு வரும். போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே கெடலாம்.

இதற்கு முக்கியக் காரணம் வயதும் ஆண் ஹார்மோனும்தான். ஒல்லியானவருக்கும் வரும். ஆனால் தொந்தி உள்ளவர்களுக்குச் சுரப்பி கூடுதலாகப் பெருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற மூட்டை இல்லை. அது ஹார்மோன்களின் அளவை மாற்றுகிறது. ரத்தத்தில் இன்சுலினைக் கூட்டுகிறது. சுரப்பிக்கு இது உரம் வைத்த மாதிரி என்று கருதுகிறார்கள்.

"நாங்க உழைக்கிறவங்க, எங்களுக்கேது தொந்தி?" என்பீர்கள். கவலை இறைத்து, ஏர் பின்னால் நடந்த காலத்தில் அது சரி. இப்போது சுவிட்சைத் தட்டினால் தண்ணீர், உழவுக்கு டிராக்டர், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை.

அரைஞாண் கயிற்றை நம்பாதீர்கள். அது தொந்திக்குக் கீழே இறங்கிக்கொள்ளும். தையல்காரர் நாடாவை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வைத்து அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் முப்பத்தைந்தரை அங்குலம்தான் எல்லை. தாண்டினால் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, கீரை, காய், பயறு வகைகளைக் கூட்டுங்கள். தினமும் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடங்கள். பெருத்த சுரப்பி பழையபடி சுருங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். தொந்தரவு குறைய வாய்ப்பு உண்டு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் நிற்கும்.

இரவில் பலமுறை எழுவது சர்க்கரை நோயாலும் இருக்கலாம். அதையும் சோதித்துக்கொள்ளுங்கள். படுக்கப் போகும் முன் காப்பி, டீ வேண்டாம். சளிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். சில மாத்திரைகள் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும்.

சுரப்பி பெருப்பது வேறு, புற்றுநோய் வேறு. ஆனால் பருமனானவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தால் அது தீவிரமாக இருக்கும் ஆபத்து அதிகம். அதற்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் அவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம். ஒரே அளவு மருந்தைப் பெரிய டேங்கில் கரைத்தால் வீரியம் குறைகிறதல்லவா? உடல் பெருத்தால் ரத்தத்தின் அளவும் கூடுகிறது, அதனால்தான். எனவே ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரில் ரத்தம் கண்டால் அன்றைக்கே போய்விடுங்கள்.

நம்மிடம் வந்த அந்த விவசாயி மாத்திரையிலேயே தேறினார். இரண்டு வருஷம் முன்பே வந்திருந்தால் அந்த ஒரு இரவின் வேதனை இல்லை. பயிரில் ஒரு இலை பழுத்தால் ஓடிப்போய்க் கேட்கிற நாம், நம் உடம்புக்கும் அந்த அக்கறையைக் காட்டுவோம்.